அண்ணாமலை நகரிலிருந்து அண்ணாமலைக்கு

அண்ணாமலை நகரில் மலை கிடையாது. பெயரைக் கேட்டுவிட்டு வந்து மலையைத் தேடும் வெளியூர்ப் பிள்ளைகள் ஆண்டுதோறும் இரண்டொருவராவது இருக்கத்தான் செய்கிறார்கள். 1929-ம் ஆண்டில் இங்கே சர்வகலாசாலையை நிறுவிய ராஜா ஸர் அண்ணாமலைச் செட்டியாரின் பெயரே ஊருக்கு வாய்த்தது என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சரி, பக்கத்தில் புவனகிரி இருக்கிறதே, அங்கேயாவது ஒரு கிரி உண்டா என்றால், அதுவும் இல்லை. மகான் ராகவேந்திரர் அவதரித்த அந்த ஊரும் வெள்ளாற்றங்கரையில் உள்ளங்கையைப் போலத் தட்டையாகவே கிடக்கிறது. இந்தப் பிரதேசத்தில் கழுத்தை நிமிர்த்திப் பார்க்கத் தக்கவை நடராஜப் பெருமான் ஆலயத்தின் நான்கு கோபுரங்கள் மாத்திரமே.

இத்தகைய சமவெளிவாசிகளுக்கு மலையின் மேல் மோகம் உண்டாவது இயற்கை. உண்டானால் என்ன செய்கிறோம்? சாயங்காலம் பஸ்ஸிலோ ரயிலிலோ ஏறி இரவெல்லாம் தூங்கிவிட்டு, விடிந்ததும் உதகமண்டலத்திலோ கொடைக்கானலிலோ கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்குகிறோம். சமவெளி எங்கே முடிந்தது, மேடு எங்கே தொடங்கிற்று என்பது நமக்குத் தெரிவதேயில்லை. ஒரு வீட்டுக்குள் போகிறவன் திண்ணையையும் ரேழியையும் பாராமல் கூரையைப் பிரித்துக்கொண்டு கூடத்தில் குதித்தால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருக்கிறது இந்த மலை யாத்திரை. நம்முடைய ஜில்லாவின் மலைகளுக்கும் திண்ணை உண்டு, ரேழி உண்டு. அவற்றின் வழியாக மெள்ள நுழைவதற்குச் சைக்கிளைக் காட்டிலும் ஏற்ற வாகனம் இல்லை என்பது எங்கள் கட்சி.

சென்ற அரையாண்டுப் பரீட்சை விடுமுறையில் நாங்கள் ஐந்து பேர் கிளம்பினோம். ஓர் ஓவிய ஆசிரியர். இந்த ஆண்டு கல்லூரியில் சேர்ந்த அவருடைய மகள். நூலகத்தில் வேலை செய்யும் நண்பர். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர். ஐந்தாவது பேர்வழி இதை எழுதுவது. குமாஸ்தா ஸ்தூல சரீரி. ஆகையால் ஆரம்பத்திலேயே ஒரு விதி செய்துகொண்டோம்: மெதுவாகப் போகிறவரே முன்னால் போக வேண்டும், மற்றவர்கள் அவருக்குப் பின்னால். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தால் கூட்டாளிகளுக்குள் மனஸ்தாபமே வராது. முன்னால் போகும் பெருமையும் குமாஸ்தாவுக்குப் பிடித்திருந்தது.

ஐந்து வண்டிகளும் கியர் இல்லாத சாதாரண வண்டிகள். ஓவிய ஆசிரியருடையது அவர் தகப்பனார் காலத்து ராலே. 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை தொடங்குவதற்கு முன்னால் தென்னாட்டுச் சாலைகளில் ஓடியவை பெரும்பாலும் இம்மாதிரிச் சீமை வண்டிகளே. மகளுடையது பதினோராம் வகுப்பில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த வண்டி. சீமைச் சரக்கும் சுதேசிச் சரக்கும் ஒரே மேட்டில் ஒரே மாதிரி மூச்சு வாங்கின என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம். கிளம்புவதற்கு முதல் நாள் எல்லாவற்றையும் கடையில் விட்டு ‘ஓவராயில்’ செய்தோம். அச்சொல்லின் மூலம் எந்தப் பாஷையாயிருந்தாலும், தமிழ்நாட்டுச் சைக்கிள் கடைகளில் அதற்கு இணையான சொல் இல்லை. கடைக்காரர் செயினைத் துடைத்துக்கொண்டே, “செஞ்சிக்கா சார்? பஸ்ஸிலே போனா மூணு மணி நேரம்தானே!” என்றார். நாங்கள் போக நினைத்தது இரண்டு நாள்.

மார்கழி மாதத்து விடியற்காலை. ஒவ்வொரு கோயில் ஒலிபெருக்கியிலிருந்தும் மணிவாசகரும் ஆண்டாளும் மாறி மாறி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். புவனகிரிப் பாலத்தின்மேல் வெள்ளாறு பனியில் மறைந்திருந்தது. அதற்கப்பால் இரு புறமும் சம்பா நெல். சாலையில் ஓர் அங்குல ஏற்ற இறக்கம் இல்லை. கால்கள் மிதிப்பதை மறந்துவிட்டு மிதித்துக்கொண்டிருந்தன. ஓவிய ஆசிரியர் தம் சிறு வயதில் ‘குரங்குப் பெடல்’ போட்டுக் கற்ற கதையை மூன்றாம் முறையாகச் சொன்னார்.

குறிஞ்சிப்பாடியைத் தாண்டிய பிறகு வண்டி கனப்பது போலத் தோன்றிற்று. டயரில் காற்று இறங்கிவிட்டதோ என்று குமாஸ்தா இரண்டு தடவை இறங்கி அமுக்கிப் பார்த்தார். காற்று சரியாகத்தான் இருந்தது, தரைதான் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணுக்குப் புலப்படாத ஏற்றம்! சற்று நேரத்தில் வண்டல் மண்ணின் கருமை போய் மண் சிவந்தது. நெல் மறைந்து முந்திரித் தோப்புக்கள் வந்தன. மோட்டாரில் போகிறவர் இந்த இடத்தை ஒருநாளும் அறியமாட்டார். பூகர்ப்ப சாஸ்திரிகள் ‘கடலூர் மணற்கல்’ என்று பெயரிட்டிருக்கும் பாறைப் படிவம் இதுதான். கடலூருக்கு அருகே கேப்பர் மலை என்ற செம்மண் மேடாக எழும்பி நிற்பதும் இதே மேட்டு நிலத்தின் ஒரு விளிம்புதான். மேலே சொன்ன வீட்டுக்கு இதுவே திண்ணை.

திண்ணை என்றால் பசித்தவனுக்குச் சோறு போடும் திண்ணை. வடலூரில் இராமலிங்க அடிகள் 1867-ம் ஆண்டு மே மாதத்தில் சத்திய தருமச் சாலையை நிறுவி மூட்டிய அடுப்பு, இன்று வரையில் அணையாமல் எரிந்துவருகிறது. யார், எவர், எந்த ஜாதி என்ற கேள்வி அங்கே இல்லை. செம்மண் புழுதியோடு வந்த நாங்களும் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்தச் சாப்பாட்டின் ருசியைச் சொல்லப் புகுந்தால் கட்டுரை அங்கேயே நின்றுவிடும்.

வடலூருக்கு அப்பால் ஒரு மலைத்தொடரே தெரிந்தது! மகள்தான் முதலில் கண்டு கூவினாள். ஆனால் அது ஈசுவர சிருஷ்டியல்ல. நெய்வேலிச் சுரங்கத்தில் மேல்மண்ணை வாரிக் கொட்டிய மேடு. பழுப்பு நிலக்கரிக்காக 1956-ல் கம்பெனி ஏற்பட்டது முதல் பூமியின் உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்துகொண்டிருக்கிறது. நம் வீட்டு விளக்குக்கு அந்தக் கரி வேண்டியிருக்கிறது, வாஸ்தவம். ஆனால் 2023-ம் வருஷம் ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலிலேயே இயந்திரங்கள் இறங்கிக் கால்வாய் வெட்டியதைப் பத்திரிகையில் பார்த்தவர்களுக்கு, அந்த மேட்டை வெறும் மண்மேடாகப் பார்க்க முடியாது. ஓவிய ஆசிரியர் பென்சிலை எடுத்தார். மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு கடாம்புலியூர் வழியாகப் பண்ணுருட்டி வரையில் முந்திரி நிழல். பண்ணுருட்டியின் பலாவைப் பற்றி மார்கழி மாதத்தில் பேசத்தான் முடியும். பேசிக்கொண்டே படுத்துத் தூங்கினோம்.

மறுநாள் கருக்கலில் திருவதிகை. திருநாவுக்கரசர் தமக்கையார் திலகவதியாரைத் தேடி வந்து, சூலைநோய் தீர்ந்து, பாடத் தொடங்கிய தலம். அவருக்கு இன்னல்கள் பல இழைத்த பல்லவ மன்னன் பின்னர் மனம் மாறி, பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டுவந்து இங்கே குணபரவீச்சரம் எடுத்தான் என்று பெரிய புராணம் கூறும். அம்மன்னன் மகேந்திரவர்மன் என்பது சரித்திரக்காரர்கள் பலரின் கொள்கை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பிற்பகலில் அவனை மறுபடியும் சந்திக்கப் போகிறோம்.

பண்ணுருட்டிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே தென்பெண்ணையைக் கடந்தோம். விழுப்புரத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, காப்பி நன்றாயிருந்தது. சாலையைப் பற்றித்தான் எழுத வேண்டும். அகலப்படுத்துவதற்காக மரங்களை வெட்டிய இடங்களிலெல்லாம் நிழல் என்பது பழங்கதையாகிவிட்டது. நான்கு வழியும் மோட்டாருக்கே. சைக்கிள்காரனுக்கு வெள்ளைக் கோட்டுக்கும் சரளைக்கும் நடுவில் ஒரு முழ அகலம். அந்த ஒரு முழத்திலும் எதிர்த் திசையிலிருந்து வண்டிகள் வருகின்றன. இவ்வளவு கோடி செலவழித்துப் போடும் சாலைகளின் ஓரத்தில், பள்ளிக்கூடம் போகும் குழந்தைக்கென்று நாலடிப் பாதையும் ஒரு வரிசைப் புளியமரமும் விடக் கூடாதா? எங்கள் முன்னணித் தலைவரான குமாஸ்தாவைக் கண்டு லாரிகள் சங்கநாதம் செய்த போதெல்லாம், ஓவிய ஆசிரியர் தம் மகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். செஞ்சிச் சாலையில் திரும்பிப் பழைய மரங்களின் நிழலுக்குள் வந்த பிறகுதான் அவர் வாயில் பேச்சு வந்தது.

அந்தச் சாலையை விட்டுச் சற்று விலகி மண்டகப்பட்டு. ஏரிக்கரைப் பக்கமாக ஒரு பாறை. அதைக் குடைந்து ஒரு சிறு கோயில். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் பிரமன், ஈசுவரன், விஷ்ணு ஆகிய மூவருக்கும் விசித்திரசித்தன் இதை அமைத்தான் என்று அங்கே கல்வெட்டு இருக்கிறது. விசித்திரசித்தன் என்பது மகேந்திரவர்மனின் விருதுப் பெயர். காலையில் திருவதிகையில் ஒருவனைப் பற்றிக் கதை கேட்டுவிட்டு, மாலையில் அவனுடைய கையெழுத்தையே பார்ப்பது போல! இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை எங்கள் கால்கள் அளந்திருந்தன. வகுப்பில் பத்து வருஷம் கற்பித்தாலும் இந்த அளவு பிடிபடாது. வண்டல் நாட்டுக் கோயில் செங்கல்லால் ஏன், இங்கே பாறை ஏன் என்ற கேள்விக்கும் விடை வழியிலேயே கிடைத்தது: விழுப்புரத்துக்கு வடமேற்கே போகப் போக, வயல்களுக்கு நடுவில் யானைகள் படுத்திருப்பது போலப் பாறைகள் தலைகாட்டத் தொடங்குகின்றன. ரேழிக்குள் வந்துவிட்டோம்.

புளியமரத்தடியில் இளைப்பாறியபோது ஆடு மேய்க்கும் பாட்டி ஒருத்தி எங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏம்பா, பஸ்ஸு ஓடலியா இன்னிக்கி?”

“ஓடுதே, பாட்டி. நாங்க சும்மா சைக்கிள்லே ஊரு பாக்க வந்தோம்.”

“செதம்பரத்திலேருந்தா? காசு இல்லியா ஒங்ககிட்ட?” என்றாள். பிறகு மகளைப் பார்த்து, “இந்தப் பொண்ணையுமா மிதிக்க வச்சிக் கூட்டியாந்தீங்க!” என்று கடிந்துகொண்டாள்.

மகள் சிரித்தாள், ஆனால் பாட்டி கேட்டது சிரிப்பதற்குரிய கேள்வியல்ல. நம் நாட்டில் சைக்கிள் என்றால் இல்லாமையின் அடையாளம். நாலு காசு சேர்ந்ததும் முதலில் வீட்டை விட்டுப் போவது அதுதான். தமிழ்நாட்டில் 2001-02-ம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிப் பிறகு மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்த இலவசச் சைக்கிள் திட்டத்தால், நம்மிடம் படிக்கும் பிள்ளைகளில் சைக்கிள் இல்லாதவர்கள் குறைவு. ஆயினும் அந்தச் சைக்கிள் வீட்டையும் பள்ளியையும் தவிர வேறொன்றைக் கண்டதுண்டா? இந்தப் பெண்ணின் வண்டி இரண்டு வருஷம் ஓடியும், நாலு கிலோமீட்டர் வட்டத்தைத் தாண்டியதில்லை. முன்னொரு சமயம் இதற்கு நேர்மாறான ஓர் அதிசயம் நம் மாகாணத்திலேயே நடந்திருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கமும், அப்போது கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையாரும் ஊக்கியதன் பேரில், லட்சத்துக்கு மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் விடக் கற்றார்கள். கல் உடைக்கும் பெண்கள் உள்படக் கற்றார்கள். தண்ணீர் கொண்டுவரவும் சந்தைக்குப் போகவும் அது உதவியது மெய்தான்; ஆனால் தங்கள் இஷ்டப்படி ஓரிடத்துக்குப் போய்வர முடிகிறது என்பதே அவர்களுக்குப் பெரிதாயிருந்தது. ‘சும்மா ஊர் பார்க்க’ ஒரு பெண் கிளம்புவதில் இது எல்லாம் அடங்கியிருக்கிறது. பாட்டிக்கு அதை விளக்கவில்லை. கடலை மிட்டாய் கொடுத்தோம், வாங்கிக்கொண்டாள்.

செஞ்சியில் மூன்று நாள் தங்கினோம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் ஒரே மதில் முக்கோணமாக வளைத்திருக்கிறது. பெரும் பாறைகளை யாரோ கைப்பிடியாக அள்ளி அடுக்கினாற்போல் இருக்கும் இக்குன்றுகளின் கல், இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையது என்கிறார்கள். அதன் முன் சிவாஜி மகாராஜா இக்கோட்டையைப் பிடித்த 1677-ம் ஆண்டு நேற்றைய தினம். அவர் குமாரர் ராஜாராம் இங்கே புகலிடம் தேடிக்கொள்ள, ஔரங்கசீப்பின் சைனியம் 1690 முதல் 1698 வரையில் மதிலுக்கு வெளியே காத்துக் கிடந்தது. 2025 ஜூலையில் மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ள ஒரே கோட்டையாகச் செஞ்சி அந்த வரிசையில் இடம் பெற்றது. உலகம் ஏற்றுக்கொண்ட பிறகும் பாறைகளில் தம் பெயரையும் காதலியின் பெயரையும் எழுதும் வாலிபர்கள் ஓயவில்லை. மகேந்திரவர்மனுக்குப் போட்டி போலும்!

ராஜகிரி சுமார் எண்ணூறு அடி உயரம். ஏற எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. குரங்குகளிடமிருந்து இட்லிப் பொட்டலத்தைக் காப்பாற்றிய நேரமும் இதில் சேர்த்தி. உச்சிக்குச் சற்றுக் கீழே பாறைப் பிளவின்மேல் ஒரு பாலம். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் பத்துப் பேர் ஒரு படையையே தடுத்து நிறுத்தலாம். மேலே நின்று கீழே பார்த்தபோது, நாங்கள் வந்த சாலை வயல்களுக்கு நடுவே நூல் போலத் தெரிந்தது. தேசிங்கு ராஜன் கதையைத் தெருக்கூத்தில் பார்த்து வளர்ந்த நூலகத்து நண்பருக்கு அங்கே குரல் தழுதழுத்தது. 1714-ல் ஆற்காட்டு நவாபின் பெரும் படையை எதிர்த்துச் சிறு கூட்டத்தோடு போன இளைஞன் தேசிங்கு. தன் கல்யாணப் பந்தலிலிருந்தே எழுந்து வந்து அவனோடு மாண்டவன் மாமத்கான் என்ற முஸ்லிம் நண்பன் என்று கதை சொல்லுகிறது. துணை என்பதற்கு இலக்கணம் அது. எங்களுடைய துணையோ குமாஸ்தாவுக்கு முழங்கால் தைலம் தேய்ப்பதோடு நின்றது.

மற்ற இரு நாளும் சைக்கிளில் சிறு சிறு சுற்றுக்கள். இவைதான் யாத்திரையின் சாரம் என்று இப்போது தோன்றுகிறது. காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு, பார்த்த இடத்தில் நின்று, பத்துக் கிலோமீட்டர் போய்விட்டு மத்தியானம் திரும்புவது. சிங்கவரத்தில் குடைவரையில் பள்ளிகொண்ட ரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பது, தேசிங்கைப் போருக்குப் போகாதே என்று தடுத்ததன் அடையாளம் என்பது ஊரார் நம்பிக்கை. அருகே திருநாதர்குன்றின் பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்கள் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததை அங்குள்ள பழங்கல்வெட்டு அறிவிக்கிறது. மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றும் இருக்கிறது; சுற்றுக் கிராமங்களில் அவர்கள் ஏரோட்டி வாழ்கிறார்கள். திருவதிகைக் கதையை மாத்திரம் கேட்டுவிட்டு ஊர் திரும்பியிருந்தால், சமணர் என்பவர் பழைய புத்தகத்தில் தோற்றுப்போனவர் என்றே இந்தப் பெண் நினைத்திருப்பாள்.

மேடு வந்தால் இறங்கித் தள்ளுவோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிரான்சு தேசத்தில் போல் த விவி (1853–1930) என்ற சைக்கிள் ஞானி ஒருவர் இருந்தார். மலைப்பாங்கான ஊரில் வாழ்ந்த அவர், ஏற்றத்துக்கு ஒரு பல்சக்கரம், சமதரைக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ளும் கியரைப் பரப்புவதற்கே தம் பத்திரிகையை நடத்தினார். அந்நாட்டின் புகழ் பெற்ற சைக்கிள் பந்தயத்தார் அத்தகைய கியரை வீரனுக்கு அழகல்ல என்று 1937 வரையில் அனுமதிக்கவில்லை. நாங்கள் வீரர்களுமல்ல, எங்களிடம் கியருமில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போதுதான் வாய் நிறையப் பேச முடிந்தது. பாறை இடுக்கில் பூத்திருந்த சிறு பூவும் அப்போதுதான் கண்ணில் பட்டது. இறக்கத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை: இரண்டு பிரேக்கையும் சேர்த்து, விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். முன் பிரேக்கை மாத்திரம் இறுக்கினால் வண்டி நிற்கும், ஓட்டுகிறவர் நிற்கமாட்டார்.

ஆறாம் நாள் திருவண்ணாமலைக்குக் கிளம்பினோம். செஞ்சியை விட்டு மேற்கே போகும் சாலை ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே கோட்டைக்குள்ளேயே புகுந்து போகிறது. எட்டு வருஷம் முகலாயர் நுழைய முடியாத மதிலை எட்டு நிமிஷத்தில் கடந்தோம். கீழ்பென்னாத்தூருக்கு வருமுன்பே வானத்தின் அடியில் நீல நிறமாக ஒன்று எழுந்தது. முதலில் மேகம் என்றார் குமாஸ்தா. அது நகரவில்லை. சுமார் 2,600 அடி உயரம். அக்கம்பக்கத்தில் அதற்கு நிகராக எதுவும் இல்லை. 1896-ல் ஒரு மதுரைப் பையன் வீட்டை விட்டு இம்மலையை நாடி ஓடிவந்து, ரமண மகரிஷியாகி, 1950-ல் மறையும் வரையில் இதை விட்டு அகலவேயில்லை. இரண்டு மணி நேரம் மலை எங்களுக்கு முன்னால் வளர்ந்துகொண்டே இருந்தது. ஒருவரும் பேசவில்லை. கார்த்திகைத் தீபம் முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தபடியால் கிரிவலப் பாதையில் கூட்டம் இல்லை. சைக்கிள்களைச் சத்திரத்தில் பூட்டிவிட்டு, பதினான்கு கிலோமீட்டரையும் நடந்தே சுற்றினோம்.

மறுநாள் ரயிலில் வண்டிகளைப் போட்டுக்கொண்டு விழுப்புரம் வழியாக ஊர் திரும்புவதாக ஏற்பாடு. ஸ்டேஷன் வாசலில் மகள் தன் சைக்கிளை நிறுத்திவிட்டு, “அப்பா, திருக்கோவலூர் இங்கேயிருந்து முப்பது நாற்பது கிலோமீட்டர்தானே? அங்கே போய் ரயில் ஏறிக்கலாமே. பெண்ணையாற்றைப் பார்த்த மாதிரியும் இருக்கும்” என்றாள். ஓவிய ஆசிரியர் எங்களைப் பார்த்தார். நாங்கள் மலையைப் பார்த்தோம். குமாஸ்தா அதற்குள் டிக்கட் வாங்கிவிட்டிருந்தார். கடைசியில் மூன்று சைக்கிள்கள் மட்டும் ரயிலில் ஏறின. மற்ற இரண்டும், மகளுடையது முன்னும் தகப்பனாருடையது பின்னுமாக, திருக்கோவலூர்ச் சாலையில் திரும்பின.